கடலைப் பார்த்த ஊஞ்சலா, கடலுக்கு முதுகு காட்டிய ஊஞ்சலா?

"கடலோர ஊர் ஒன்றுக்குக் குடிமாறுகிறோம். மூன்று வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். குடும்பத்தோடு போய் இரண்டு மணி நேரம் இருக்கக்கூடிய நல்ல பொது விளையாட்டுத் திடலை எப்படிக் கண்டுபிடிப்பது? கடற்கரையிலேயே இருப்பதுதானே நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இல்லை, பெரும்பாலும் அது நல்லதல்ல. விளையாட்டுத் திடல் கருவிகளைச் சோதித்துப் பழுது எழுதிக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். கடலோர ஊர்களில் நான் பார்த்த நல்ல திடல்களில் முக்கால்வாசி, அலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தவை. கரையிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே, ஒரு கட்டட வரிசைக்கோ மரவரிசைக்கோ பின்னால் இருக்கும். படம் எடுக்க அழகாக இருக்காது, பெயர்ப்பலகைகூட சில இடங்களில் இருக்காது. ஆனால் பிள்ளைகள் அங்கேதான் இரண்டு மணி நேரம் விளையாடுவார்கள். கடலைப் பார்த்த திடலில் இருபது நிமிடத்தில் "கண்ணுல மண்ணு" என்று அழுகை வந்துவிடும்.

அதற்குக் காரணம் காற்று. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. வெயில் நாட்களில் இது முற்பகலில் மெல்லத் தொடங்கிப் பிற்பகலில் உச்சத்துக்குப் போய், பொழுது சாயும்போது தணியும். காய்ந்த மணல் இந்தக் காற்றில் பறப்பதைப் பெரியவர்கள் அவ்வளவாக உணர்வதில்லை. ஏனென்றால் பறக்கும் மணலில் பெரும்பகுதி தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள்ளேயே துள்ளித் துள்ளிப் போகிறது. நமக்குக் கணுக்காலில் லேசாகக் குறுகுறுக்கும், அவ்வளவுதான். சப்பணம் போட்டு உட்கார்ந்து மண் அள்ளும் மூன்று வயதுப் பிள்ளைக்கு முகம் இருப்பதே அந்த உயரத்தில். திடலில் நிற்கும்போது ஒரு முறை குந்தி உட்கார்ந்து, கடல் பக்கம் முகத்தைத் திருப்பிப் பாருங்கள். நின்றபோது தெரியாதது அப்போது தெரியும்.

காற்று இன்னொரு வேலையும் செய்யும். உடம்பு குளிர்ந்திருப்பதால் வெயில் உறைப்பதே தெரியாது, ஆனால் தோல் வெந்துகொண்டிருக்கும். புற ஊதாக் கதிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. காய்ந்த கடற்கரை மணல் அதில் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் தொப்பி மட்டும் போதாது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரங்களில் நிழல் உள்ள திடல்தான் வேண்டும். நிழல் இருக்கிறதா என்பதை வீட்டில் உட்கார்ந்தே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

எப்படி என்றால், கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தை வைத்து. "விளையாட்டுத் திடல்" என்று தேடினால் பிரபலமான நாலைந்துதான் வரும். அதை விட்டுவிடுங்கள். கரையோரத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்பக்கம் வரை படத்தைப் பெரிதாக்கி மெதுவாக நகர்த்திப் போங்கள். ரப்பர் தளம் போட்ட திடல், வீடுகளுக்கு நடுவில் நீலமோ சிவப்போ தீற்றிய மாதிரி பளிச்சென்று தெரியும். மணல் போட்ட திடல், புல்வெளிக்குள் வெளிறிய கட்டம் போலத் தெரியும். பள்ளி, நூலகம், விளையாட்டு மைதானம் இவற்றின் ஓரங்களை விடாமல் பாருங்கள், அங்கேதான் சின்னத் திடல்கள் ஒளிந்திருக்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற தன்னார்வலர் வரைபடத்தையும் திறந்து பாருங்கள். பெயரே இல்லாத மூலைத் திடல்களைக்கூட அங்கே யாராவது குறித்து வைத்திருப்பார்கள். கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். மரத்தின் குடை கருவிகள் மேல் விழுகிறதா, அல்லது ஓரத்தில் வேலிக்கு மட்டும் நிழல் தருகிறதா? அப்புறம், அளவுகோல் வசதியை வைத்துத் தண்ணீர் விளிம்பிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். காற்றில் வரும் உப்பு முதல் சில நூறு மீட்டருக்குள் வெகுவாகக் குறைந்துவிடும். 50 மீட்டரில் இருக்கும் ஊஞ்சலும் 500 மீட்டரில் இருக்கும் ஊஞ்சலும் ஒரே நாளில் நட்டதாக இருந்தாலும் ஒரே வயதாக இருக்காது.

மக்கள் போட்ட மதிப்பெண்ணை நம்பாதீர்கள். கடலோரத் திடலுக்குக் கிடைக்கும் ஐந்து நட்சத்திரத்தில் பாதி, சூரிய அஸ்தமனத்துக்குப் போட்டது. அதற்குப் பதில் அங்கே ஏற்றப்பட்ட படங்களைத் தேதி பார்த்துப் புரட்டுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய படத்தில் இருக்கும் ராட்டினம் போன மாதப் படத்தில் வெறும் தூணாக நின்றால், பராமரிப்பு எப்படி என்று தெரிந்துபோகும். ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு யாரிடமாவது கேட்பதென்றால், தள்ளுவண்டியில் குழந்தையோடு நடப்பவரிடம் கேளுங்கள். "நல்ல பார்க் எங்கே இருக்கு?" என்றால் எல்லாரும் கடற்கரையைத்தான் காட்டுவார்கள். "மத்தியானம் மூணு மணிக்குப் பிள்ளையை எங்கே கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டால் உண்மையான விலாசம் கிடைக்கும்.

சரி, நாலைந்து இடம் தேர்ந்தாகிவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிப்போகும் முன் நீங்கள் மட்டும் ஒரு நடை போய் வாருங்கள். முடிந்தால் காலையில் ஒன்று, காற்று பலமாக இருக்கும் பிற்பகலில் ஒன்று. வரைபடத்தில் காட்டாததெல்லாம் நேரில்தான் பிடிபடும், முக்கியமாகத் துரு.

துருவைத் தேடும்போது பலரும் கடல் பார்த்த பக்கத்தைப் பார்ப்பார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். ஆனால் வெளிப்பக்கத்தில் படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது. மழை படாத இடத்தில்தான் உப்பு தங்கி, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரும்பை உள்ளுக்குள் தின்னும். அதனால் சறுக்குமரத்தின் அடிவயிறு, மேடையின் கீழ்ப்பக்கம், குழாய் மண்ணுக்குள் இறங்கும் விளிம்பு, வெல்டிங் போட்ட இணைப்பு, போல்ட் தலையின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு முறை, புதிதாகப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்த ஒரு ஏறுமேடை. குனிந்து கீழே கைவிட்டுத் தடவினேன். பெயிண்ட் மெல்லிய அப்பளம் போல உப்பி இருந்தது, விரலால் அழுத்தினால் நொறுங்கியது. உள்ளே அடுக்கடுக்காகச் செம்மண் நிறச் செதில்கள். மேலே பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து புதுப் பெயிண்ட் வாசனை வந்தால் நான் முதலில் குனிந்துதான் பார்ப்பேன்.

எல்லாப் பழுப்பும் ஆபத்தில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எவர்சில்வர் குழாயில் தேநீர் சிந்திக் காய்ந்தது போல ஒரு கறை படிந்திருக்கும். அது பெரும்பாலும் மேற்பரப்புச் சமாச்சாரம்தான், பார்க்க அசிங்கம், அவ்வளவே. எவர்சில்வரிலும் 304, 316 என்று வகைகள் உண்டு. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகத்தைச் சேர்ப்பதால் உப்பை அது நன்றாகத் தாங்கும். கடலோரத்தில் 304 போட்ட இடத்தில் கறை சீக்கிரம் தெரியும். பயப்பட வேண்டியது செதிலாக உரியும் துருவுக்கும், உப்பி நிற்கும் பெயிண்டுக்கும், ஆட்டினால் அசையும் தூணுக்கும். ஊஞ்சலில் சங்கிலியைவிட அதைத் தாங்கும் கொக்கியைப் பாருங்கள். எஸ் வடிவக் கொக்கியின் வாய் மூடியிருக்க வேண்டும். 1 மில்லிமீட்டருக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையக் கையேட்டின் கணக்கு. கிட்டத்தட்ட ஒரு வங்கி அட்டை நுழையும் சந்து. அதற்கு மேல் இருந்தால் சட்டை மாட்டும், சங்கிலியும் நழுவலாம். பிளாஸ்டிக் உறை போட்ட சங்கிலி கைக்கு இதமாக இருக்கும், ஆனால் உள்ளே துரு ஏறினால் வெளியே தெரியாது. உறையின் நுனியில் பழுப்பு நீர் வடிந்த தடம் இருக்கிறதா பாருங்கள். கயிற்று வலைகளில் பல, உள்ளே எஃகுக் கம்பி வைத்துப் பின்னியவை. உறை பிய்ந்த இடத்தில் கம்பி முள் போல நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வலையில் ஏற விடாதீர்கள்.

அடுத்து தரை. திடல் விபத்துகளில் பெரும்பாலானவை விழுவதால் வருபவை, ஆகவே கருவியைவிடத் தரைதான் முக்கியம் என்றே சொல்வேன். கடலோரத்தில் மணல் தாராளமாகக் கிடைப்பதால் அதையே கொட்டிவிடுவார்கள். மணல் மெத்தைதான், ஆனால் சில நிபந்தனைகளோடு. மேலே சொன்ன அதே கையேடு, 23 சென்டிமீட்டர் ஆழ மணல் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குத்தான் போதும் என்கிறது. அதே ஆழத்துக்கு மரச்சில்லு போட்டால் 3 மீட்டர் வரை தாங்கும். ஈரமானாலோ இறுகிவிட்டாலோ மணலின் மெத்தைத்தனம் போய்விடும், உப்பேறிய மணல் ஈரத்தைச் சீக்கிரம் விடவும் செய்யாது. குதிகாலால் ஓங்கி ஒரு குத்து குத்திப் பாருங்கள். கால் புதைந்தால் சரி, 'டொக்' என்று நின்றால் அது வெறும் தரைதான். இன்னொன்று, காற்று மணலை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்குமரம் முடியும் இடத்திலும் பள்ளம் விழுந்து, அடியில் இருக்கும் கான்கிரீட் அடித்தளம் எட்டிப் பார்க்கும். அந்த விளிம்பில் மோதி வாங்கிய தையல்களை நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

ரப்பர் தளம் இந்தத் தொல்லைகள் இல்லாதது, ஆனால் வெயிலில் அடுப்பு. கறுப்பு, கரும்பச்சை, அடர்நீலம் எல்லாம் மோசம். புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், வைத்திருக்க முடியவில்லை என்றால் பிள்ளையின் உள்ளங்காலுக்கு அது ஆகாது. கடலில் நனைந்துவிட்டு வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைகளுக்குத்தான் இதில் அதிகம் சுடும். சறுக்குமரத்தின் பலகையையும் அப்படியே தொட்டுப் பாருங்கள். உலோகம் என்றில்லை, பிளாஸ்டிக்கும் சுடும்.

கருவிகளின் அளவில் ஒரே ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 9 முதல் 23 சென்டிமீட்டர் வரை அகலமான சந்து ஆபத்து. சின்னப் பிள்ளையின் உடம்பு கால் பக்கமாக அதில் நுழைந்துவிடும், தலை நுழையாது. கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையிலோ ஏணிப் படிகளுக்கு இடையிலோ இப்படிச் சந்து இருந்தால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தக் கருவி வேண்டாம். அதே காரணத்துக்காக, கரையோரப் பாதையில் சைக்கிள் ஓட்டி வரும் பிள்ளையின் ஹெல்மெட்டைத் திடல் வாசலிலேயே கழற்றி வாங்கிவிடுங்கள். உடம்பு நுழைந்த சந்தில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டால் கழுத்தில் தொங்க வேண்டியதுதான். காற்றுக்காகப் போட்டுவிடும் தொப்பி வைத்த மேல்சட்டையின் கழுத்துக் கயிறும் அப்படித்தான், உருவி எறிந்துவிடுங்கள்.

சறுக்குமரத்தில் சின்னதை மடியில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் எல்லாரும் செய்கிறார்கள். குழந்தையின் செருப்பு பக்கச் சுவரில் உராய்ந்து நின்றுவிடும், பின்னால் உங்கள் எடை மொத்தமும் தள்ளிக்கொண்டு போகும், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். எலும்பு மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை இது. தனியாக இறங்க முடியாத உயரம் என்றால், அது அந்த வயதுக்கான சறுக்குமரம் இல்லை.

மூன்றும் எட்டும் என்றீர்களே, உண்மையில் உங்களுக்குச் சிக்கல் அங்கேதான். 2 முதல் 5 வயதுக்கு ஒரு பகுதி, 5 முதல் 12-க்கு ஒரு பகுதி என்று பிரித்துத்தான் நல்ல திடல்கள் அமைக்கப்படுகின்றன. பிரிந்திருப்பது நல்லது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மதிலோ கழிப்பறைக் கட்டடமோ வந்துவிட்டால் நீங்கள் இரண்டு மணி நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நான் திடலுக்குள் போனதும் முதலில் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பேன். அங்கிருந்து குழந்தை ஊஞ்சலும் தெரிய வேண்டும், பெரிய பிள்ளைகளின் தொங்கு கம்பியும் தெரிய வேண்டும், வாசலும் தெரிய வேண்டும். இந்த மூன்றும் ஒரே பெஞ்சிலிருந்து தெரியும் திடல் கிடைத்தால் மற்ற குறைகளில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஊஞ்சல் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். சங்கிலி மாட்டியிருக்கும் மேல்கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு இடம் முன்னாலும் பின்னாலும் காலியாக இருக்க வேண்டும். மேல்கம்பி 2.4 மீட்டரில் இருக்கும் ஊஞ்சலுக்கு முன்னாலும் பின்னாலும் 4.8 மீட்டர். அந்த இடத்தின் குறுக்கே நடைபாதை போனால் மூன்று வயது அதில் கட்டாயம் ஓடும். எட்டு வயதுக்கு உயரம் வேண்டும், அதைத் தடுக்காதீர்கள். ஐரோப்பியத் தர விதியான இ.என். 1176 விழும் உயரத்துக்கு 3 மீட்டரை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. அதற்குள் பயந்து பயந்து ஏறுவதுதான் அந்த வயதுக்கு விளையாட்டு.

வேலியைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கடல் இல்லாத ஊர்த் திடலில் வேலி இல்லாவிட்டால் தெருவைப் பார்த்துக்கொண்டால் போதும். கடலோரத்தில் தண்ணீரையும் பார்க்க வேண்டும். குழந்தை மூழ்குவது சத்தமில்லாமல், ஒன்றிரண்டு நிமிடத்தில் நடந்து முடிந்துவிடும். கத்தும், கையை ஆட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். திடலுக்கும் தண்ணீருக்கும் இடையில் சுற்றுவேலியும், தானாக மூடிக்கொள்ளும் ஒரே ஒரு கதவும் இருந்தால் மூன்று வயதுப் பிள்ளையோடு நிம்மதியாக உட்காரலாம். கதவின் கீல் துருப்பிடித்துப் பாதியில் நிற்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள், கடலோரத்தில் முதலில் சாவது அதுதான். சுனாமி அபாயம் உள்ள கடற்கரை என்றால், மேட்டுப் பகுதிக்குப் போகும் வழி எது என்பதை முதல் நாளே நடந்து பார்த்துவிடுங்கள். நில அதிர்வு பலமாக உணரப்பட்டாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திராமல் அந்த வழியில் கிளம்ப வேண்டும்.

கருவி குறைவாக இருக்கிறதே என்று ஒரு திடலைத் தள்ளிவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் பொது விளையாட்டுத் திடல் என்ற எண்ணமே 1885-இல் பாஸ்டனில் கொட்டிய ஒரு மணல் குவியலில்தான் தொடங்கியது. பெர்லின் பூங்காக்களில் பிள்ளைகள் மணலில் விளையாடியதைப் பார்த்த மருத்துவர் மாரி சக்ஷெவ்ஸ்கா எழுதி அனுப்பிய யோசனை அது. ஊஞ்சல்கூட அப்புறம் வந்ததுதான். நிழலில் ஒரு மணல் குழி, பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தால் உங்கள் மூன்று வயது வேறு எதையும் கேட்காது. என்ன, அந்தக் குழியில் பூனையும் நாயும் வந்து போகும். இரவில் மூடி வைக்கிறார்களா, மணலை அவ்வப்போது கிளறி மாற்றுகிறார்களா என்று விசாரியுங்கள். விளையாடிய பிறகு கை கழுவவும் அதே குழாய்தான் உதவும். சக்கர நாற்காலியில் வரும் தாத்தா பாட்டியோ பிள்ளையோ வீட்டில் இருந்தால் தளர்ந்த மணல் பெரிய தடை, அவர்களுக்கு ரப்பர் தளமும் தரைமட்ட ராட்டினமும் உள்ள திடல்தான் சரி.

புயலோ பலத்த காற்றோ அடித்த வாரத்தில் பழகிய திடலையும் புதுத் திடலாக நினைத்துக்கொள்ளுங்கள். மணலுக்குள் கண்ணாடித் துண்டு, ஆணி, தூண்டில் முள், தூண்டில் நரம்பு எல்லாம் வந்து புதைந்திருக்கும். ஒரு குச்சியால் கிளறிப் பார்த்த பிறகு பிள்ளைகளை விடுங்கள். மேலே பாதி ஒடிந்து தொங்கும் கிளை இருக்கிறதா என்று அண்ணாந்தும் பாருங்கள்.

கருவிகளின் தூணில் பல இடங்களில் உள்ளங்கை அளவில் ஒரு தகடு இருக்கும். செய்தவர் பெயர், செய்த வருடம், எந்தத் தர விதிப்படி செய்தது என்று அதில் பொறித்திருப்பார்கள். பழுது கண்டால் புகாரோடு அந்தத் தகட்டின் படத்தையும் அனுப்புங்கள். பழுதான இடத்தின் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து இன்னொரு படம், அளவு தெரிவதற்கு. "ஊஞ்சல் சரியில்லை" என்று எழுதினால் அது கிடப்பில் கிடக்கும். "வாசலிலிருந்து இரண்டாவது ஊஞ்சல், இடது சங்கிலி, மேல் கொக்கி பாதி தேய்ந்திருக்கிறது" என்று எழுதினால் எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போவது என்று வேலைக்காரருக்குத் தெரியும். இரண்டு வாரத்தில் யாரும் வராவிட்டால் அதே படங்களோடு மறுபடி அனுப்புங்கள், அதுவரை பக்கத்து ஊஞ்சலில் ஆட்டுங்கள்.